கற்பிட்டிக் கோட்டையும் கண்டியின் உப்பும்

கோட்டை என்ற சொல்லைக் கேட்டவுடன் இலங்கையில் வாழும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கொழும்பு நகரின் புகையிரத நிலையமேயன்றி மதிலும் அகழியும் அல்ல. அங்கே கோட்டை என்ற பெயர் இருக்கிறது, கோட்டை இல்லை. போர்த்துக்கேயர் எழுப்பி ஒல்லாந்தர் மாற்றியமைத்த பெருமதில்களை ஆங்கிலேயர் 1869ஆம் ஆண்டு தொடக்கம் 1871ஆம் ஆண்டு வரையில் இடித்து அப்புறப்படுத்தினர். மதில் போன இடத்தில் வணிகமனைகள் வந்தன. 1857ஆம் ஆண்டில் முடிவுற்று, பின்னர் கலங்கரை விளக்காகவும் பணியாற்றிய மணிக்கூட்டுக் கோபுரம், தேசாதிபதிகள் வாழ்ந்து இன்று ஜனாதிபதி மாளிகையாகியிருக்கும் பெருமனை, அதனருகேயுள்ள கோர்டன் பூங்கா என்பன யாவும் பிரயாணிகளின் கைந்நூல்களிலே தவறாது இடம்பெறுவன. நமது மாவட்டத்தின் வடகோடியிலோ நிலைமை நேர்மாறானது. அங்கே மதில் நிற்கிறது, வாயில் நிற்கிறது, கோட்டையை ஒரு காலத்தில் முக்கியமாக்கிய போக்குவரத்துத்தான் விலகிப் போய்விட்டது.

இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொண்டது அந்தக் கற்பிட்டிக் கோட்டையையும், பழைய தேவாலயத்தையும் களப்புக் கரையையும் அடக்கிய அதன் சுற்றாடலையுமே. "ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கி 1676ஆம் ஆண்டில் முடித்தனர்" என்று ஒரே வசனத்தில் இதனைச் சொல்லி முடிப்பது பாடப்புத்தகங்களின் வழக்கம். மிஷன் பாடசாலையிலே சரித்திரம் பயின்ற நாளில் தேசாதிபதிகளின் பெயர்களையும் அவர்கள் ஆண்ட ஆண்டுகளையும் வரிசை பிறழாமல் ஒப்புவிக்க நாங்கள் பழகியிருந்தோம். ஆயினும், ஒரு கோட்டை யாரை நோக்கிக் கட்டப்பட்டது என்ற கேள்வி அந்த வரிசையில் எங்கும் எழுந்ததில்லை. கற்பிட்டியைப் பொறுத்தவரையில் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி அதுவே என்பது என் துணிபு.

தேசப்படத்தை விரித்துப் பார்ப்போர்க்கு இது எளிதில் விளங்கும். புத்தளத்துக்குத் தெற்கேயுள்ள பாலாவிச் சந்தியிலிருந்து மேற்கே திரும்பி வடக்கு நோக்கி ஏறத்தாழ 40 கிலோமீற்றர் சென்றால் கற்பிட்டி வரும். பாதையின் இடப்புறத்தே இந்து சமுத்திரம். வலப்புறத்தே புத்தளம் களப்பு. இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலமே கற்பிட்டிக் குடாநாடு. கோட்டை பெருங்கடலின் கரையில் இருக்குமென்றே எவரும் எதிர்பார்ப்பர். அது அங்கே இல்லை. கிழக்குப் பக்கத்தில், களப்பை நோக்கியே இருக்கிறது. ஐரோப்பியப் போட்டியாளரின் பெருங்கப்பல்களை எதிர்ப்பதே முதல் நோக்கமாயிருந்தால், ஓரிரண்டு மீற்றரே சராசரி ஆழமுள்ள களப்பின் ஓரத்தில் எவரேனும் கோட்டை கட்டுவாரா? கட்டமாட்டார். களப்பின் வாய் வடக்கே இருக்கிறது. அவ்வழியாகப் புகுந்து தெற்கே புத்தளம் துறைக்குச் செல்லும் தோணிகளைத் தடுத்து நிறுத்துவதற்கு இதைவிட வாய்ப்பான இடம் இல்லை. ஆகவே இது கடலைக் காத்த கோட்டையன்று. களப்பின் கழுத்தைப் பிடித்த கோட்டை.

களப்பின் வடபாகத்திலுள்ள குடாக்கள் இரண்டுக்கு இன்றும் வழங்கும் பெயர்களே ஒரு சரித்திரச் சுருக்கமாகும். ஒன்று போர்த்துக்கல் குடா. மற்றையது ஒல்லாந்தக் குடா. வந்தவர்கள் போய்விட்டார்கள், தண்ணீரின் மேல் எழுதிய பெயர்கள் மாத்திரம் அழியவில்லை.

போர்த்துக்கேயர் வருவதற்கு முன்னரே இப்பகுதி உலகம் அறிந்த இடமாயிருந்தது. மொறோக்கோ நாட்டு யாத்திரிகரான இபுன் பத்தூத்தா 1344ஆம் ஆண்டில் இலங்கைக் கரையில் வந்திறங்கிய "பத்தாலா" என்ற ஊரைப் புத்தளமென்றே ஆராய்ச்சியாளர் பலரும் கொள்வர். அங்கே அவரை வரவேற்றவன் ஆரியச் சக்கரவர்த்தி. மரத்தாலான மதிலும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த சிறிய அழகிய பட்டினமென்று அதனை அவர் வருணிக்கிறார். ஆற்றுவெள்ளம் கொண்டுவந்து சேர்த்த கறுவா மரங்கள் கரையிலே குவிந்து கிடந்தனவாம். அக்கரையிலிருந்து வந்தோர் அவற்றைத் துணிமணிகளுக்கு மாற்றாகப் பெற்றுச் சென்றனராம். மன்னனோ பாரசீக மொழியை விளங்கிக்கொள்ளக் கூடியவனாயிருந்தான். மரத்தால் மதிலமைத்த அப்பட்டினத்தில் அந்நியன் ஒருவனுக்குக் கதவு திறந்திருந்தது. முந்நூறு ஆண்டுகளின் பின்னர் கல்லால் மதிலமைத்தவர்கள் வந்து அக்கதவைச் சாத்தினர்.

போர்த்துக்கேயர் காலத்தைப் பற்றி இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. களப்பின் முகத்திலே அவர்கள் காலூன்றியதும், யேசுசபைத் துறவிகள் கற்பிட்டியிலே சிற்றாலயம் ஒன்றை நிறுவிச் சமயப்பணி புரிந்ததும் சொல்லிப்போகப் போதும். ஒல்லாந்தர் தங்கள் கோட்டையை வெறுநிலத்திற் கட்டவில்லை. முன்னவரின் அடிச்சுவட்டின் மேலேயே கட்டினர்.

கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கேயரைத் துரத்துவதற்கென ஒல்லாந்தரை அழைத்த கதை எல்லோரும் அறிந்ததே. 1638ஆம் ஆண்டு மே மாதத்தில் மட்டக்களப்பில் ஓர் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைப்பது "மன்னர் விரும்பினால்" என்ற நிபந்தனை மன்னனிடமிருந்த பிரதியில் இருந்தது. ஒல்லாந்தரின் பிரதியில் இல்லை. அந்த ஓரிரு சொற்களின் குறைவு பின்வந்த நூற்றைம்பது ஆண்டுகளின் தலைவிதியை எழுதிற்று எனலாம். 1656ஆம் ஆண்டில் கொழும்பும், 1658ஆம் ஆண்டில் மன்னாரும் யாழ்ப்பாணமும், 1659ஆம் ஆண்டில் கற்பிட்டியும் கம்பனியின் கைக்கு வந்தன. யுத்தச் செலவை மன்னன் இறுக்கும்வரை கோட்டைகளைத் திருப்பிக் கொடுப்பதில்லை என்றனர். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இதனைப் பழமொழியாகச் சொல்வர்.

அக்காலத்திலே ஒல்லாந்தத் தேசாதிபதியாயிருந்த றிக்லொவ் வான் கூன்ஸ் என்பவர் கண்டி இராச்சியத்தை வளைத்துக் கட்டிவிட வேண்டுமென்ற எண்ணமுடையவர். 1665ஆம் ஆண்டில் திருகோணமலையையும், 1668ஆம் ஆண்டில் மட்டக்களப்பையும் கொட்டியாரத்தையும் கம்பனி கைப்பற்றிற்று. கற்பிட்டியில் 1667ஆம் ஆண்டில் அத்திவாரம் இடப்பட்டதை இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் அதன் பொருள் தெளிவாகும். கிழக்கு வாசல்கள் ஒருபுறம் பூட்டப்படும்போதே மேற்கு வாசலுக்கும் பூட்டு தயாராயிற்று.

மேற்கு வாசலாகிய புத்தளம் அப்போது மன்னனுக்கே உரியதாயிருந்தது என்பதை மறத்தலாகாது. துறை கண்டியின் கையில். துறைக்குப் போகும் நீர்வழி ஒல்லாந்தரின் கையில். வீடு ஒருவனுக்கு, படலை மற்றொருவனுக்கு என்பதுபோல் இந்த வினோத நிலைமை நூறு ஆண்டுகள் நீடித்தது. இதற்கு அக்காலத்தவர் ஒருவரின் சாட்சியமும் உண்டு. 1660ஆம் ஆண்டில் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி நாட்டிலே கைதியாயிருந்து, 1679ஆம் ஆண்டில் அரிப்புக்குத் தப்பியோடிய றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே புத்தளத்தைக் குறிப்பிடுகிறார். மன்னனின் நாட்டில் ஒரு பகுதியார்க்கு உப்பும் மீனும் அத்துறையிலிருந்தே கிடைத்தன என்றும், படகுகள் வருவதைத் தடுப்பதற்கென ஒல்லாந்தர் அங்குள்ள முனையிலே கோட்டை வைத்திருந்தனர் என்றும் அவர் எழுதுகிறார். மலைநாட்டிலே கைதியாயிருந்த ஓர் அந்நியனுக்கே கற்பிட்டிக் கோட்டையின் நோக்கம் தெரிந்திருந்தது.

உப்பென்றால் இன்று நமக்கு அற்பப் பொருள். கடையிலே மிச்சக் காசுக்கு வாங்குவது. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று சொல்லும்போதுகூட நாவின் சுவையையே எண்ணுகிறோம். மலைநாட்டுக்காரனுக்கோ அது சுவைப்பொருள் மாத்திரமன்று. மழைக்காலத்துக்கென இறைச்சியையும் மீனையும் பதப்படுத்தி வைப்பதற்கும் உப்பே வேண்டும். மலையிலோ உப்பு விளைவதில்லை. நெல் உண்டு, பாக்கு உண்டு, மிளகு உண்டு, ஏலம் உண்டு. உப்பும் கருவாடும் கடலோரத்திலிருந்துதான் ஏறிச் செல்ல வேண்டும். பொதிமாடுகள் மலையிலிருந்து பாக்கைச் சுமந்துகொண்டு இறங்கும். திரும்பும்போது உப்பையும் கருவாட்டையும் துணியையும் சுமந்துகொண்டு ஏறும். சிங்களவர் தவளம் என்று சொல்லும் இந்தப் பொதிமாட்டு வாணிபத்திலே சோனகரின் பங்கு பெரிது. பாக்கு இங்கிருந்து தோணியேறிச் சோழமண்டலக் கரைக்குப் போகும். அங்கிருந்து அரிசியும் துணியும் வரும். இந்தக் கொடுக்கல் வாங்கலின் நடுவிலேதான் கற்பிட்டிக் கோட்டை உட்கார்ந்தது.

புத்தளத்தில் உப்பு விளைவதற்குக் காரணம் உண்டு. கலா ஓயாவும் மீ ஓயாவும் களப்பில் வந்து விழுந்தாலும், வறண்ட காலத்திலே அவற்றின் நீர் குறைந்துவிடும். ஆழமில்லாத பரந்த நீர்ப்பரப்பை வெயிலும் சோழகக் காற்றும் இடைவிடாது உறிஞ்சுவதால் களப்பின் நீர் தானாகவே கரிப்பேறும். அதனைப் பாத்தி பாத்தியாக மாற்றிச் சுண்டவிடுவர். கடல்நீர் ஐந்திலொரு பங்காகச் சுண்டும்போது முதலில் ஜிப்சம் என்னும் சுண்ணச் சத்து அடியிற் படியும். பத்திலொரு பங்காகச் சுண்டும்போதே உப்பு பூக்கத் தொடங்கும். அதற்கு மேலும் சுண்டவிட்டால் கசப்புச் சத்துக்கள் கலந்துவிடும்; ஆகவே தக்க தருணத்தில் உப்பை வாரிவிட்டு எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். ஒரு மழை முந்திக்கொண்டு பெய்தால் அத்தனை நாள் உழைப்பும் கரைந்தோடும். உப்பளத்தில் வேலை செய்தறிந்த முதியோர் இவ்விதழை வாசிப்பார்களாயின் நான் சொன்னதைக் காட்டிலும் நுட்பமாகச் சொல்வார்கள்.

கண்டி மன்னர்கள் புத்தளம் துறையைத் தங்கள் குடிகளின் வாணிபத்துக்குத் திறந்துவிடும்படி மீண்டும் மீண்டும் கேட்டனர். கம்பனி சில காலம் இணங்கியும், பெரும்பாலும் மறுத்தும் வந்தது. கம்பனியின் அனுமதிச் சீட்டில்லாமல் தோணிகள் சுதந்திரமாக ஓட முடியாது. பாக்கைக் கம்பனிக்கே, கம்பனி சொன்ன விலைக்கே விற்க வேண்டும். துணியைக் கம்பனியிடமே வாங்க வேண்டும் என்பதுதான் இதன் உட்கருத்து. பீரங்கியால் ஒரு நாட்டை வெல்வது ஒருவகை. அதன் அடுப்பங்கரைக்குள் புகுந்து சட்டியைப் பிடித்துக்கொள்வது வேறொருவகை. இரண்டாவது சத்தமில்லாதது. ஆதலால் சரித்திர நூல்களிலும் அது அதிகம் பேசப்படுவதில்லை.

துறை மன்னனுடையதாயிருந்ததால் விளைந்த மற்றொரு பயனையும் சொல்லவேண்டும். ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டிலேயே, கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுப்போர்க்கு மரண தண்டனை என்று கட்டளை பிறப்பித்திருந்தனர். கோவாவிலிருந்து 1687ஆம் ஆண்டில் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த யோசேப்பு வாஸ் அடிகள், அங்கே நிற்க முடியாமல் 1690ஆம் ஆண்டில் புத்தளத்தை அடைந்து ஓராண்டு போலத் தங்கிப் பணிபுரிந்தார். பின்னரே கண்டிக்குச் சென்றார். 2015ஆம் ஆண்டில் புனிதராக உயர்த்தப்பட்டவர் இவரே. களப்பின் ஒரு கரையில் அவரைப் பிடித்தால் சிறை. மறுகரையிலே பௌத்த மன்னனின் நிழல். அந்த மறுகரையில் அன்று முக்குவ வன்னியரும், சோனகரும், சைவரும், கத்தோலிக்கரும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். நமது சிலாபப் பகுதியும் அந்நிழலிலேயே இருந்தது. 1753ஆம் ஆண்டில் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் முன்னேஸ்வர ஆலயத்தைப் புதுப்பித்து நிலங்களை மானியமாக வழங்கக் கூடியதாயிருந்தமைக்கு இதுவே காரணம்.

ஆனால் அதே மன்னன் காலத்திலேதான் அந்நிழல் சுருங்கிற்று. 1765ஆம் ஆண்டில் வான் எக் என்ற தேசாதிபதி படையெடுத்துக் கண்டி நகருக்குள்ளேயே புகுந்தார். நகரைப் பிடித்த ஒல்லாந்தர் அதனை வைத்துக்கொள்ள முடியாமல் திரும்பினர் என்பது உண்மையே. ஆயினும் 1766ஆம் ஆண்டு பெப்ரவரியில், பல்க் தேசாதிபதி காலத்தில், ஒப்பமான உடன்படிக்கையால் தீவின் கரையோரம் முழுவதும் கம்பனிக்குப் போயிற்று. புத்தளமும் சிலாபமும் கண்டியை விட்டு நீங்கின. அவ்வளவும் கொடுத்த பின்பும் மன்னன் ஒன்றைக் கேட்டுப் பெற்றான். புத்தளத்திலும் சிலாபத்திலும் உள்ள உப்பளங்களில் அவன் குடிகள் வந்து உப்பெடுத்துச் செல்லலாம் என்பதே அது. ஒரு நாட்டின் கரை முழுவதையும் இழந்து கையெழுத்திடும் வேளையிலும் விடாது கேட்கப்பட்ட பொருள் உப்பு. கற்பிட்டிக் கோட்டையின் நூற்றாண்டு வேலை இந்த ஒரு நிபந்தனைக்குள் அடங்கிக் கிடக்கிறது.

இனிக் கோட்டையைச் சுற்றி வருவோம். அது ஏறக்குறைய நாற்சதுரமானது. யாழ்ப்பாணக் கோட்டையைப்போல் ஐங்கோணமும் பெரும் பரப்பும் உடையதன்று. காலித் துறைமுகத்துக் கோட்டையைப்போல் ஒரு நகரையே தன்னுள் அடக்கியதுமன்று. ஏறத்தாழ 4 மீற்றர் உயரமான மதில்கள் முருகைக்கல்லாலும் சுண்ணக்கல்லாலும் ஆனவை. அருகில் நின்று பார்த்தால் கடலடியில் முருகைப் பூச்சி கட்டிய நுண்ணிய கண்ணறைகள் கல்லிலே தெரியும். வாயில் வளைவோ மஞ்சட் செங்கல்லாற் கட்டப்பட்டது. அச்செங்கல் நமது மண்ணைச் சேர்ந்ததன்று, ஒல்லாந்திலிருந்து வந்ததென்பர். கடலின் கல்லும் ஐரோப்பாவின் மண்ணும் ஒரே வாயிலில் சந்திப்பது பார்ப்பதற்கு விநோதமாயிருக்கும். வாயிலின் மேலே மணி தொங்குவதற்கான அமைப்பும் உண்டு. உள்ளே தளபதியின் மனை, படைவீரர் தங்கிய கட்டடங்கள், சிறை, பண்டகசாலைகள், சிற்றாலயம் என்பவற்றின் மிச்சங்கள் உள்ளன. கோட்டையிலிருந்து வெளியே செல்லச் சுரங்கம் உண்டென்று ஊரார் சொல்வர். சுரங்கமில்லாத கோட்டையை எந்த ஊராரும் ஒப்புக்கொள்வதில்லை!

கோட்டைக்கு அணித்தே புனித பேதுருவானவர் பெயரால் அமைந்த பழைய ஒல்லாந்தத் தேவாலயம் இருக்கிறது. அங்கே குலச்சின்னங்கள் செதுக்கிய கல்லறைக் கற்களைக் காணலாம். ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்து, களப்பின் ஓரத்தில் தோணிகளின் சீட்டைப் பரிசோதித்து, காய்ச்சல் கண்டு மாண்டுபோன மனிதர்கள் அவர்கள். அவர்களுடைய கம்பனியின் கணக்குப் புத்தகத்தில் கற்பிட்டி இலாபமா நட்டமா என்பது அவர்களுக்கே வெளிச்சமாயிருந்திராது.

1795ஆம் ஆண்டிலே திருகோணமலை, யாழ்ப்பாணம், மன்னார் என ஒவ்வொன்றாக ஆங்கிலேயர் கைப்பற்றி வந்தபோது கற்பிட்டியும் நவம்பர் மாதத்தில் சரணடைந்தது. மறு ஆண்டு பெப்ரவரியில் கொழும்பும் விழுந்தது. 1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியமே முடிவுற்றபின், பூட்டுவதற்குக் கதவு இல்லாமற் போயிற்று. எனினும் காவற்படை 1859ஆம் ஆண்டு வரையில் அங்கேயே இருந்தது. உப்பை மாத்திரம் ஆங்கிலேயரும் விடவில்லை. அதனை அரசாங்கத்தின் தனியுரிமையாக வைத்துக்கொண்டனர். 1927ஆம் ஆண்டு நவம்பரில் சிலாபத்துக்கு வந்துபோன காந்தியடிகள், மூன்றாண்டு கழியுமுன் தண்டிக் கடற்கரையில் ஒரு பிடி உப்பை அள்ளி ஒரு பேரரசை அசைத்ததை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை.

கோட்டையின் கடைசிக் காவலர்கள் வெளியேறிய அதே 1859ஆம் ஆண்டில் வேறொரு காரியமும் நடந்தது. யாழ்ப்பாணத்திலே றிப்ளி அண்ட் ஸ்ட்ரோங் அச்சகத்தில் "தமிழ் புளூட்டாக்" என்ற ஆங்கில நூல் அச்சாயிற்று. இருநூறு அளவான தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்துச் சொல்லும் அந்நூலின் ஆசிரியர் கற்பிட்டியிலே பிறந்த சைமன் காசிச்செட்டி அவர்கள். இவர் பிறந்தது 1807ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில். கோட்டையிலே ஆங்கிலக் கொடி ஏறிப் பன்னிரண்டு ஆண்டுகளாகவில்லை. புத்தளம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கி, மணியகாரராகவும் முதலியாராகவும் உயர்ந்து, 1838ஆம் ஆண்டு முதல் 1845ஆம் ஆண்டு வரை சட்டநிரூபண சபையிலே தமிழருக்கான அங்கத்தவராயிருந்து, பின்பு இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் இலங்கையர் என்ற பெருமையையும் பெற்று, சிலாபத்திலே மாவட்ட நீதிபதியாகப் பணிபுரிந்தவர். 1860ஆம் ஆண்டு நவம்பரிற் காலமானார்.

பதவிகளை அடுக்கியது அவற்றுக்காக அன்று. 27 வயதிலே அவர் செய்த காரியமே என்னை வியப்பில் ஆழ்த்துகிறது. 1834ஆம் ஆண்டில் கோட்டே மிஷன் அச்சகத்தில் அவர் வெளியிட்ட "சிலோன் கசற்றியர்" இலங்கையின் ஊர்கள், ஆறுகள், மாகாணங்கள், குடிகள், பழைய சின்னங்கள் ஆகியவற்றை அகரவரிசையிலே தொகுத்துக் கூறுவது. அதுவரையில் இந்நாட்டைப் பற்றி ஐரோப்பியர் எழுதினர், இந்நாட்டார் எழுதப்பட்டனர். மூன்று ஐரோப்பியக் கொடிகள் மாறிமாறிப் பறந்த கோட்டையின் நிழலிலே பிறந்த ஒருவர், ஆண்டவர்களின் மொழியிலே, அவர்களுடைய அச்சு இயந்திரத்திலே, தமது நாட்டைத் தாமே விவரித்தார். முக்குவர், சோனகர் முதலிய நம் பகுதி மக்களின் வழக்கங்களை நேரிற் கண்டும் கேட்டும் எழுதினார். அவர் ஆங்கில அரசாங்கத்தின் ஊழியர்தாமே என்று குறை சொல்வாரும் உண்டு. இருக்கலாம். ஆனால் ஊழியம் செய்தோர் அனேகர். ஊரூராய்ச் சுற்றிக் குறிப்பெடுத்தோர் எத்தனை பேர்?

"தமிழ் புளூட்டாக்" பின்வந்தோர்க்கு வழிகாட்டியாயிற்று. யாழ்ப்பாணத்து ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886ஆம் ஆண்டில் "பாவலர் சரித்திர தீபகம்" என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டபோது அதனைத் துணையாகக் கொண்டார். 1946ஆம் ஆண்டிலே தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புக்களுடன் கொழும்பில் மறுபதிப்பும் வந்தது. தமிழ்ப் புலவர் வரலாற்றை ஒழுங்காகத் தொகுக்கும் முயற்சிகளில் முற்பட்டதொன்று கற்பிட்டிக்காரர் ஒருவருடையது என்பதை, அவ்வழியாகப் பேருந்தில் நாள்தோறும் போய்வரும் நம்மிற் பலர் அறியோம்.

கற்பிட்டி பிற்காலத்தில் ஒதுங்கியதற்குக் காரணம் எளியது. வாணிபம் நீர்வழியை விட்டுத் தண்டவாளத்துக்கு மாறிற்று. புகையிரதப் பாதை 1916ஆம் ஆண்டில் சிலாபத்துக்கும் 1926ஆம் ஆண்டில் புத்தளத்துக்கும் வந்தது, கற்பிட்டிக்கு வரவேயில்லை. கொழும்பிலே 1885ஆம் ஆண்டில் அலைதடுப்பு அணை நிறைவெய்தியபின் நீராவிக் கப்பல்கள் யாவும் அங்கே திரண்டன. கொழும்பு செல்வத்தால் தன் மதிலை இழந்தது. கற்பிட்டி வறுமையால் தன் மதிலைக் காத்துக்கொண்டது.

யுத்த காலத்திலே கோட்டை மீண்டும் ஆயுதம் தாங்கியோரின் இடமாயிற்று. இலங்கைக் கடற்படையினர் அங்கே நிலைகொண்டனர். 1990ஆம் ஆண்டில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் மன்னார்க் கரையிலிருந்து தோணிகளில் வந்து இக்குடாநாட்டிலேயே இறங்கினர். ஒரு காலத்தில் தோணிகளை மறித்த அதே நீர்வழி அன்று அகதிகளுக்கு வழிவிட்டது. அவர்களுக்கு உணவும் இடமும் கொடுத்தவர்கள் இவ்வூர் மக்கள். தம்மிடமிருந்த கிணற்றையும் நிலத்தையும் பகிர்ந்துகொண்டவர்கள். இக்கரையின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் கோட்டைக்கு ஒதுக்கும் பக்கங்களிற் பாதியேனும் அதற்கும் ஒதுக்குதல் வேண்டும்.

2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்தபின்னர் உல்லாசப் பிரயாணிகள் பெருகினர். டொல்பின் மீன்களைப் பார்க்கவும் காற்றாடிப் பலகையேறி விளையாடவும் வருவோர் கோட்டையைக் கண்டும் காணாமலும் போகின்றனர். கடற்படையினரின் பொறுப்பில் இருப்பதால் உள்ளே செல்வோர் வாயிலில் அனுமதி பெற்றே செல்லவேண்டும்.

நமது சங்கத்துச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் அனுராதபுரம், கதிர்காமம், நுவரெலியா என்றே போய்வருகின்றன. வருகிற ஆண்டில் ஒரு நாளைக் கற்பிட்டிக்கு ஒதுக்கலாமென்று நிருவாக சபையாரைக் கேட்டுக்கொள்கிறேன். தலவில் அன்னம்மாள் திருவிழா நடைபெறும் மார்ச்சு, ஆகத்து மாதங்களைத் தவிர்ப்பது நன்று. பாலாவிச் சந்தியிலிருந்து பேருந்தில் நிற்கவும் இடம் கிடையாது. அனுமதிக்கு முன்கூட்டியே எழுதிவிட்டால் வாயிலிலே காத்திருக்க வேண்டி வராது. முதியோர் சிலரும் உடன் வந்தால் வழியிலுள்ள உப்பளங்களில் இறங்கி, பாத்தி கட்டும் முறையை அவர்கள் வாயாலேயே கேட்டுக்கொள்ளலாம்.